சித்தியின் முழங்கை



இரண்டு வருஷத்துக்கு முந்தைய பொங்கலன்று திருவாரூர் பக்கம் சித்தி வீட்டில் இருந்தேன். பொங்கல் இறக்கியாகிவிட்டது. சித்தி வடை தட்டிக்கொண்டிருந்தார். உதவி செய்கிறேன் என்ற பேரில் நான் பக்கத்தில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தேன்.

இலையை உள்ளங்கையில் வைத்துத் தட்டுவதுதான் சித்தியின் வழக்கம். அன்று இலை மேடையில் கிடந்தது. வலது கையால் மட்டும் தட்டினார், அதே கையால் எண்ணெயில் விட்டார், அதே கையால் திருப்பினார். இடது முழங்கை மட்டும் கிரானைட் மேடையின் விளிம்பை விட்டு அசையவே இல்லை.

"என்ன சித்தி, கை வலியா?"

"கையில ஒண்ணுமில்லடி. கையை எடுத்தா முன்னாடி சாஞ்சிடறேன்."

கையைத் திருப்பிப் பார்த்தேன். முழங்கையில் தோல் கறுத்து, தடித்து, காய்த்துப்போயிருந்தது. நுகத்தடி உரசிய மாட்டின் கழுத்து மாதிரி. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால் சித்திக்கே தெரியவில்லை. மூன்று வருஷம் இருக்குமாம், நாலு இருக்குமாம். வீட்டில் மற்ற யாரும் கவனிக்கவில்லை. சமையலறைக்குள் யார் வந்து பார்க்கிறார்கள்?

பிறகுதான் தெரிந்தது, இந்தக் காய்ப்புக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே உண்டு. 'கிச்சன் எல்போ' என்கிறார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் வருஷக்கணக்காகக் குனிந்தே வயல் வேலை பார்த்த பெண்கள் வயதானதும் முன்பக்கம் சரிந்துபோவதை அங்குள்ள மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும்போதும் சமைக்கும்போதும் முழங்கையை ஊன்றிக்கொள்வதால் அங்கே தோல் காய்த்துவிடுகிறது. இதைப் படித்தபோது நம் டெல்டாவின் நடவுப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். நம்மூரில் இதற்கு யாரும் தனிப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. 'வயசாச்சு, கூன் விழுந்துடுச்சு' என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

சித்திக்கு அப்போது வயது 67. அந்த ஆவணியிலேயே அவருக்கு முதுகில் பெரிய ஆபரேஷன் நடந்தது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன். முதுகுவலி பற்றி நம் இதழில் எது வந்தாலும், அடுத்து வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன: "அம்மாவுக்கு முதுகு வளைந்துவிட்டது. ஆபரேஷன் பண்ணலாம் என்கிறார்கள். பண்ணலாமா?"

பண்ணுங்கள், பண்ணாதீர்கள் என்று நான் சொல்ல முடியாது. நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு வீடு இந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

முதலில், வளைவு என்பதே வியாதி இல்லை. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் வளைந்திருந்தால் ஸ்கோலியோசிஸ் என்று எழுதிவிடுவார்கள். 2005இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஷ்வாப் என்ற மருத்துவரின் குழு, 60 வயது தாண்டிய 75 பேரைப் பரிசோதித்தது. அவர்கள் நோயாளிகள் அல்ல, தாமாக முன்வந்தவர்கள். அவர்களில் 68 சதவீதம் பேருக்கு அந்த வளைவு இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் பதறாதீர்கள்.

பக்கவாட்டு வளைவைவிட ஆளை முடக்குவது முன்பக்கச் சரிவுதான். அதே 2005இல் ஸ்டீவன் கிளாஸ்மன் குழு 298 பேரைப் பார்த்துச் சொன்ன முடிவும் இதுவே. உடம்பு முன்னால் சரியச் சரிய வலியும் இயலாமையும் கூடுகின்றன. காரணம் எளிது. இடுப்புக்கு மேலே முதுகில் உள்நோக்கி ஒரு குழிவு இருக்கிறதே, அதுதான் தலையை இடுப்புக்கு நேர் மேலே நிறுத்துகிறது. டிஸ்க்குகள் தேய்ந்து அந்தக் குழிவு தட்டையானால் தலை முன்னால் போய்விடும். விழாமல் இருக்க உடம்பு இடுப்பைப் பின்னால் தள்ளும், முட்டியை மடக்கும். இதையெல்லாம் நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பது தசைகள்தான். ஒருத்தர் ஒரு மூட்டை அரிசியைக் கீழே வைக்காமல் காலையிலிருந்து இரவு வரை சுமப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சித்தி தெருமுனைக் கோயிலுக்குப் போவதை நிறுத்தியது பக்தி குறைந்ததால் அல்ல.

இந்தக் குழிவின் அருமையை மருத்துவ உலகமே கொஞ்சம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1950களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகள் ஏராளம். பால் ஹாரிங்டன் என்ற எலும்பு மருத்துவர் அவர்களுக்காக ஒரு எஃகுக் கம்பியை உருவாக்கினார். 1962இல் அதைப் பற்றி எழுதினார். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். ஆனால் அந்தக் கம்பி முதுகை இழுத்து நீட்டி நேராக்கும்போது, கீழ்முதுகின் குழிவையும் சேர்த்துத் தட்டையாக்கிவிட்டது. அன்றைக்கு நிமிர்ந்த பிள்ளைகள் பலர் நாற்பது ஐம்பது வயதில் முன்னால் சரிந்து, முட்டி மடங்கி, மறுபடி மருத்துவமனைக்கு வந்தார்கள். 'ஃபிளாட்பேக்' என்ற பெயர் அப்படி வந்தது. ஹாரிங்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் நுரையீரல் என்ன ஆகியிருக்கும்? முதுகை நேராக்குவதும் ஒரு மனுஷியை நிமிர்ந்து நடக்கவைப்பதும் வேறு வேறு என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் கூன் என்றால் முதுமை மட்டும் காரணமல்ல. சின்ன வயதில் முதுகெலும்பில் காசநோய் வந்து கூன் விழுந்தவர்கள் நம் தெருக்களில் நிறைய இருந்தார்கள். சென்னையில் நடந்த சிகிச்சை ஆய்வில் சேர்ந்த குழந்தைகளை 15 வருஷம் விடாமல் பார்த்து, எந்தக் குழந்தைக்குக் கூன் பின்னால் அதிகமாகும் என்று எக்ஸ்ரேயிலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் அடையாளங்களை 2001இல் எழுதியவர் கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன். அது தனிக் கதை. இன்னொரு இதழில் விரிவாகப் பேசுவோம்.

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் சொன்ன ஆபரேஷன் இது: நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி இடுப்பெலும்பு வரை ஒவ்வொரு எலும்பிலும் ஸ்க்ரூ போட்டு, இரண்டு பக்கமும் ராடு மாட்டி, நடுவில் எலும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுத்து, குழிவை மறுபடி உண்டாக்குவது. பிறகு அந்த எலும்புகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே எலும்பாக ஒட்டிக்கொள்ள வேண்டும். ராடு அதுவரை பிடித்து நிறுத்தும் சாரம் மாதிரி. கான்கிரீட் இறுகும் வரைதான் சாரத்துக்கு வேலை.

வீட்டில் இரண்டு கட்சி ஆனது. சித்தப்பா, "முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்" என்றார். பெங்களூரில் இருக்கும் தம்பி, "அதெல்லாம் அந்தக் காலம்பா, இப்ப நாலாம் நாள் நடக்க வெச்சு அனுப்பிடறாங்க" என்றான். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் பேச்சு நடந்திருக்கும். இல்லையா?

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. ஆனால் இரண்டு பேருமே கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சக்ஸஸ் எத்தனை பர்சென்ட்?" இந்தக் கேள்வியில்தான் கோளாறு.

2011இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஜஸ்டின் ஸ்மித் என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணரின் குழு, முதுகு வளைவுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 206 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்தது. ஏதாவது ஒரு சிக்கலைச் சந்தித்தவர்கள் 25 முதல் 44 வயதுக்காரர்களில் 17 சதவீதம். 45 முதல் 64 வரை, 42 சதவீதம். 65 முதல் 85 வரை, 71 சதவீதம்.

71! நூறு பாட்டிகளில் எழுபத்தொரு பேர். இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் அதே கட்டுரையின் அடுத்த பாதி இன்னும் விசித்திரம். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டபோது, கால் வலி குறைந்ததிலும் அன்றாட வேலை செய்ய முடிவதிலும் அதிக முன்னேற்றம் கண்டவர்களும் அந்த வயதானவர்கள்தான். அதிகம் அடிபட்டவர்களுக்கே அதிகம் கிடைத்தது. ஏனென்றால் அவர்கள்தான் மிகவும் மோசமான நிலையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர்கள்.

'சிக்கல்' என்ற ஒரே வார்த்தைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சிறுநீர்த் தொற்று ஒரு சிக்கல். நாலு நாள் மலம் இறங்காமல் வயிறு உப்புவது ஒரு சிக்கல். மயக்க மருந்துக்குப் பின் ராத்திரியில் ஆள் தெரியாமல் உளறுவது, காயத்தில் சீழ் வைப்பது, காலில் ரத்தக்கட்டி, நுரையீரலில் ரத்தக்கட்டி, நரம்பு உறை கிழிவது, ஸ்க்ரூ இடம் மாறுவது, கால் செயலிழப்பது, உயிரே போவது. எல்லாமே சிக்கல்தான். ஒன்று ஆன்டிபயாடிக் மாத்திரையோடு போய்விடும். இன்னொன்று குடும்பத்தின் போக்கையே மாற்றிவிடும். ஆகவே எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்தால், உங்களுக்கு எதுவுமே தெரியவில்லை என்றுதான் அர்த்தம். எந்தச் சிக்கல், எப்போது வரும், வந்தால் போகுமா? இதைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆபரேஷன் ஏழரை மணி நேரம் நடந்தது. மறுநாள் ஐ.சி.யு.வில் சித்தி கண் திறந்து, காபி கேட்டார். எல்லோருக்கும் போன உயிர் வந்தது. மூன்றாம் நாள் பிசியோதெரபி செய்யும் பெண் வந்து கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, "பாதத்தை மேல தூக்குங்கம்மா" என்றாள். வலது பாதம் தூக்கியது. இடது பாதம் தூக்கவில்லை. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தார். கட்டைவிரல் கொஞ்சம் துடித்தது, அவ்வளவுதான். எழுந்து நிற்கவைத்தபோது இடது காலின் ரப்பர் செருப்பு தானாகக் கழன்று தரையில் விழுந்தது.

சித்தப்பா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவுக்குப் போய், "நடந்துக்கிட்டு இருந்தவளை இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று சுவரில் சாய்ந்துவிட்டார். தம்பி டாக்டரிடம் கத்தினான். டாக்டர், "நரம்பு இழுபட்டிருக்கு, பெரும்பாலும் திரும்பி வரும், பொறுத்துப் பாருங்க" என்றார். சமாளிக்கிறார் என்றுதான் அன்று நாங்கள் நினைத்தோம்.

அவர் வெறுமனே சமாளிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து படித்தபோது புரிந்தது. ஸ்கோலி-ரிஸ்க்-1 என்று ஓர் ஆய்வு. 2011இலும் 2012இலும் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என 15 மருத்துவமனைகளில், சிக்கலான முதுகெலும்புத் திருத்த ஆபரேஷன் செய்துகொண்ட 270க்கும் அதிகமான பெரியவர்களைச் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரின் இரண்டு கால்களுக்கும் தசைவாரியாக மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 50க்கு. டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் 22 சதவீதம் பேருக்கு மதிப்பெண் முன்பைவிடக் குறைந்திருந்தது. ஆறு வாரத்தில் அது 18 ஆனது. ஆறு மாதத்தில் 11. அதே ஆறாவது மாதத்தில், கால் வலு முன்பைவிடக் கூடியவர்கள் 20 சதவீதத்துக்குச் சற்று மேல்.

அதாவது ஐந்தில் ஒருவர் கால் வலு குறைந்துதான் வீட்டுக்குப் போகிறார். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்குள் அது திரும்பிவிடுகிறது. மீதிப் பாதிக்கு அந்த ஆறு மாதத்திலும் முழுதாகத் திரும்புவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிக் கணக்கெடுத்தபோது இவ்வளவு வரவில்லை. ஒவ்வொரு காலையும் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போட்டதும்தான் வெளியே வந்தது. எழுதிவைக்காத வலி கணக்கில் வராது என்பது நமக்குத் தெரியாததா?

இந்த எண்களை ஆபரேஷனுக்கு முன்னாலேயே யாராவது சித்தப்பாவிடம் சொல்லியிருந்தால், அந்தச் செருப்பு விழுந்தபோது அவர் அப்படி உடைந்திருக்க மாட்டார். பயந்திருப்பார். ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைத்திருக்க மாட்டார். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சித்திக்குப் பாதத்தில் பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். கார்த்திகை தீபத்தன்று பட்டை இல்லாமல் வாசல் வரை வந்தார். இப்போதும் படி ஏறினால் இடது கால் கொஞ்சம் தட்டும்.

ஐந்தாம் நாள் இன்னொரு கதை. டிஸ்சார்ஜ் பற்றிப் பேச்சு வந்தபோது அதே பிசியோதெரபி பெண், "வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட்தானே?" என்று போகிறபோக்கில் கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக் கொல்லையில் இருப்பது இந்தியன் டாய்லெட். அதுவும் இரண்டு படி ஏறி. இடுப்பிலிருந்து நெஞ்சு வரை ஒரே எலும்பாகப் போகிறவர் அதில் எப்படி உட்காருவார்? லட்சக்கணக்கில் செலவு, நாலைந்து ஸ்பெஷலிஸ்ட், பத்துப் பன்னிரண்டு கையெழுத்து. இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. சித்தப்பா அன்று ராத்திரியே ஊருக்குப் போய், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கொத்தனாரைக் கையோடு கூட்டிவந்தார். சிமென்ட் காய்வதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. சித்தி மூன்று நாள் ஓர்ப்படி வீட்டில் இருந்தார்.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நம் வாசகர்களிடம் என்ன கூச்சம். உட்காருவது ஒரு பிரச்னை என்றால், கழுவிக்கொள்வது இன்னொன்று. முதுகு வளையாது, இடுப்பு திரும்பாது, கை எட்டாது. முதல் சில மாதங்கள் மருமகள்தான் பார்த்துக்கொண்டாள். பெங்களூரில் ஐ.டி. வேலை, வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மாமியாருக்கு அது எவ்வளவு பெரிய அவமானமாக இருந்திருக்கும்? பிறகு கையில் பிடித்துப் பீய்ச்சும் ஹேண்ட் ஷவர் ஒன்றை மாட்டினார்கள். நிலைமை பாதி சரியானது. நானூறு ரூபாய்ச் சாமான்.

இதையும் அளந்திருக்கிறார்கள் என்பது ஆச்சரியம். ராபர்ட் ஹார்ட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, கீழ்முதுகு விறைத்துப்போனால் என்னென்ன செய்ய முடியாமல் போகிறது என்பதற்கென்றே ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறது. சாக்ஸ் போட முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா, கழிப்பறையில் சுத்தம் செய்துகொள்ள முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். வலி போனதற்கு இந்த விறைப்பு பரவாயில்லை என்பதுதான் அங்கே பெரும்பாலோரின் பதில். சரி. ஆனால் அவர்கள் நாற்காலியில் வாழ்கிறவர்கள். நாம்? தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறோம், தரையில் பந்தி, தரையில் பாய், தரையில் கோலம். காலில் விழுந்து கும்பிட வேண்டும். மெட்டியை மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கே 'பரவாயில்லை' என்று டிக் அடிக்கும் விறைப்பு, இங்கே ஒரு பெண்ணின் பாதி நாளை எடுத்துக்கொள்ளும். ஆபரேஷனுக்கு முன் இதை உட்கார்ந்து பேசுங்கள். இனி குனிய முடியாது என்பது சிக்கல் இல்லை, அதுதான் ஆபரேஷனே.

முதல் ஆறு வாரம் என்று ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத்தான் இருக்கும். புரண்டு படுக்க வேண்டுமென்றால் தோளும் இடுப்பும் சேர்ந்து மரக்கட்டை உருளுவது போல உருள வேண்டும். பசி இருக்காது. "ஏண்டி என்னை இதுக்கு ஒத்துக்க வெச்சீங்க?" என்று சித்தி போனில் அழுதார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. மூன்றாவது மாதத்தில்தான் குரலே மாறியது. அந்த மூன்று மாதத்துக்கு வீட்டில் ஆள் உண்டா? யார் லீவு போடுவது? ராத்திரி யார்? இதற்குப் பதில் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள்.

அவசரமும் வேண்டாம். கால் மரத்து வலுவிழப்பது, சிறுநீர் கட்டுக்கடங்காமல் போவது, இவை வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். மற்றபடி இது பெரும்பாலும் யோசித்து முடிவெடுக்க நேரம் தரும் பிரச்னை. வட அமெரிக்காவில் 40 முதல் 80 வயது வரையுள்ள 286 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டு வருஷத்தில் நன்றாகவே முன்னேறினார்கள். செய்துகொள்ளாதவர்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அதாவது, காத்திருந்தால் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. நாளைக்கே செய்யாவிட்டால் கெட்டுவிடும் என்பதும் இல்லை. இன்னொரு டாக்டரிடம் கேட்க நேரம் இருக்கிறது. முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்காதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கிடைக்கும் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. எலும்பு பஞ்சு மாதிரி இருந்தால் ஸ்க்ரூ நிற்காது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சித்திக்கு ஐந்து மாதம் தினமும் எலும்பை வலுவாக்கும் டெரிபாரடைட் ஊசி போட்டபின்தான் டாக்டர் தேதி கொடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நான் கும்பிடு போடுவேன். சர்க்கரை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், புரதச்சத்து, பீடி சிகரெட், எல்லாம் இதற்குள் அடக்கம்.

ஆபரேஷனில் ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுப்பார்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறது என்றால் டாக்டரம்மா எழுதித் தருவாரே, அதே மருந்து. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஜப்பானின் உடாகோ ஒகமோடோ என்ற பெண்மணி, கணவரோடு சேர்ந்து, 1962இல். இது சும்மா ஒரு தகவல்தான். எனக்குப் பிடித்தது, அதனால் சொன்னேன்.

இதைவிட முக்கியமானது, யார் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள் என்பது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராஜீவ் சேத்தி என்ற முதுகெலும்பு அறுவை நிபுணர் குழுவினர் ஒரு மாற்றம் செய்தார்கள். ஆபரேஷனுக்கு முன் சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், பொது மருத்துவர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, இந்த நோயாளிக்கு இது தேவையா, தாங்குவாரா என்று பேச வேண்டும். தியேட்டரில் ஒரு சர்ஜன் அல்ல, இரண்டு சர்ஜன். ரத்தம் உறைவதைத் தொடர்ந்து கண்காணிக்கத் தனி ஏற்பாடு. புதுக் கருவி எதுவும் இல்லை. 2014இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: முன்பு 52 சதவீதம் பேருக்கு வந்த சிக்கல்கள், பிறகு 16 சதவீதம் பேருக்கு. 90 நாளுக்குள் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வந்தவர்கள் 12.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு.

நம் கல்யாணத்துக்கே நாலு பேர் உட்கார்ந்து பேசித்தானே நாள் குறிக்கிறோம்? ஆகவே டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "சார், இதை வேற யார் யார் பார்த்தாங்க? அன்னைக்கு உங்ககூட இன்னொரு சர்ஜன் இருப்பாரா? நரம்பை மானிட்டர் பண்ற மிஷின் உண்டா?" நரம்பு மானிட்டர் என்பது, ஆபரேஷன் நடக்கும்போதே தலையில் லேசான மின்தூண்டல் கொடுத்து, காலில் தசை துடிக்கிறதா என்று பார்க்கும் கருவி. துடிப்பு குறைந்தால் உடனே சர்ஜனுக்குத் தெரியும்.

எல்லாம் நல்லபடி முடிந்தாலும் கணக்கு முடியவில்லை. அதே ஸ்மித் குழுவினர் 2016இல் 291 பேரைப் பற்றி எழுதியபோது, இரண்டு வருஷத்துக்குள் நூற்றில் 28 பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டிருந்தது. எலும்புகள் சரியாக ஒட்டாத இடத்தில் ராடு அசைந்து அசைந்து ஒருநாள் ஒடிந்துவிடும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடியுமே, அப்படி. அல்லது ராடு முடியும் இடத்துக்கு மேலே உள்ள முதுகு புதிதாகக் கூன் விழும். சித்திக்கு முதல் வருஷ எக்ஸ்ரே நன்றாக இருந்தது. மேல் ஸ்க்ரூ பக்கத்தில் மட்டும் டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டு, "இதைப் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார்.

இன்னொன்று மனதில் நெருடிக்கொண்டே இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய ஆறு மாத அலைச்சலில் எத்தனை கன்சல்டேஷன் போனோம்! ஒவ்வொரு முறையும் பேசியது தம்பி, சித்தப்பா, நான். ஸ்கேன் ஃபைலை நாங்கள் வைத்திருந்தோம். சித்தி நாற்காலியில் பேசாமல் இருந்தார். கடைசி முறை டாக்டர் எங்களை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சித்தியைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா வேணும்? என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். சித்தி யோசித்துவிட்டு, "ரெண்டு கையாலயும் சமைக்கணும்" என்றார். வலி போக வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

உங்கள் அம்மாவிடம் இதைக் கேட்டீர்களா? அவர் சொல்லும் பதிலைத் தாளில் எழுதி, டாக்டரிடம் நீட்டுங்கள். "இதைச் செய்ய முடியுமா? இதற்குப் பதிலாக எதை இழப்பார்?" என்று கேளுங்கள். சில வீடுகளில் அந்தப் பதிலுக்கு ஆபரேஷனே தேவைப்படாது. உயரமான ஒரு ஸ்டூலும், நல்ல பிசியோதெரபியும், சமையலைப் பங்குபோட்டுக்கொள்ள இன்னொரு ஆளும் போதும்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். வாசல் கோலம் பக்கத்து வீட்டுப் பெண் போட்டது. சித்தி நிமிர்ந்து நின்று, கைத்தடியால் புள்ளி தப்பிய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து இலையை உள்ளங்கையில் வைத்து வடை தட்டினார். கீழே விழுந்த கரண்டியை நான் எடுத்துக் கொடுத்தேன். முழங்கையில் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

இரண்டாவது வருஷ எக்ஸ்ரே வரும் ஆவணியில். நானும் கூடப் போகிறேன். வந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்